எங்கும் போகாத சைக்கிள்

மலையூரில் பிறந்த பிள்ளைக்குச் சைக்கிள் ஒரு வாகனமே கிடையாது. கீழே வத்தலக்குண்டிலும் திண்டுக்கல்லிலும் பால்காரரிலிருந்து பள்ளிக்கூட வாத்தியார் வரை எல்லோரும் சைக்கிளில் போய்வந்த காலத்திலும், கொடைக்கானலில் நாங்கள் நடந்துதான் திரிந்தோம். வீட்டிலிருந்து கடைக்கு இறக்கம், கடையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஏற்றம், அங்கிருந்து அத்தை வீட்டுக்கு மறுபடி இறக்கம். இந்தச் சரிவில் ஒரு சைக்கிளை வாங்கி வைத்து என்ன செய்வது? எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் சைக்கிள் இல்லை. ஆனால் தெருவில் இருந்த அத்தனை பிள்ளைகளுக்கும் சைக்கிள் ஓட்டத் தெரியும். காரணம் ஏரி.

ஏரியைச் சுற்றி ஒரு ரோடு போகிறது. லேக் ரோடு என்போம். சுமார் 5 கிலோமீட்டர். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில், ஊரில் கொஞ்சமாவது சமமாகக் கிடக்கும் ரோடு அது ஒன்றுதான். அங்கே வாடகைக்குச் சைக்கிள் எடுப்போம். ஒரு சுற்றுப் போய், எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்து வருவோம். அந்தச் சைக்கிளில் கடைக்குப் போக முடியாது, பள்ளிக்கூடத்துக்குப் போக முடியாது, உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போக முடியாது. அது எங்கும் போகாது. எங்கும் போகாத அந்தச் சைக்கிளுக்காகத்தான் இத்தனை வருஷம் கழித்து, இவ்வளவு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

இப்போது நான் இருப்பது நெதர்லாந்தில், ஐந்தோவன் நகரத்தில். சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு இதைவிட நல்ல நாடு கிடையாது என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்வேன். மக்கள் சுமார் 1 கோடியே 80 லட்சம் பேர். சைக்கிள்கள் அதைவிட அதிகம். காருக்கு ஒரு வழி என்றால் சைக்கிளுக்குத் தனியாக ஒரு வழி, செந்நிறத் தளம் போட்டு, தனி சிக்னல் வைத்து. ஊர்களுக்கு நடுவே போகும் சைக்கிள் வழிகளில் சந்திப்புக்குச் சந்திப்பு எண் போட்ட பலகை நிற்கும்; எண்களை வரிசையாக எழுதி வைத்துக்கொண்டால் வழி கேட்காமலே நாடு முழுக்கச் சுற்றி வரலாம். வேலைக்கு நான் சைக்கிளில்தான் போகிறேன். மகளும் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில்தான் போகிறாள். மழை பெய்தாலும் போகிறோம். ஒரு குறை சொல்ல முடியாது. குறை சொல்ல முடியாத இடத்தில் இருந்துகொண்டு இன்னொரு ரோட்டுக்கு ஏங்கினால் அதை யாரிடம் போய்ச் சொல்வது?

அதனால் உங்களிடம் சொல்கிறேன். உங்களுக்கும் இப்படி ஒன்று இருக்கும். ஒரு படித்துறையோ, ஒரு வாய்க்கால் கரையோ, பேருந்து நிலையத்தில் இருந்து வீட்டுக்கு வரும் ஒரு குறுக்குச் சந்தோ. எதிரே எல்லா வசதியும் இருக்கும்போதும் தூக்கத்தில் கால் தன்பாட்டுக்கு அங்கே போய் நிற்கும். நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வரும். அந்த வேதனை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கடையிலிருந்து தொடங்குகிறேன். போட் ஹவுஸ் பக்கத்தில் சைக்கிள்கள் வரிசையாகச் சாய்ந்து நிற்கும். ஒவ்வொன்றின் பின் மட்கார்டிலும் வெள்ளை பெயின்டில் ஒரு எண். கடைக்காரர் ஒரு நீள நோட்டில் எண்ணையும் நேரத்தையும் எழுதுவார். எங்களிடம் பெயர் கேட்கமாட்டார். யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியும். வெளியூர்க்காரர்களுக்கு நல்ல சைக்கிள், எங்களுக்கு மிச்சம். அதில் எங்களுக்கு வருத்தம் இருந்ததாக நினைவில்லை. எந்த எண்ணுக்குச் செயின் கழலும், எந்த எண்ணின் சீட்டில் கம்பி குத்தும், எதற்கு இடது பெடல் ஆடும் என்பதெல்லாம் எங்களுக்கு மனப்பாடம். பின் சக்கரத்தைக் கையால் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்போம். டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்போம். அப்புறம் பெல். பெல் நன்றாக இருந்தால் மற்றதெல்லாம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை.

“அண்ணே, பிரேக் பிடிக்க மாட்டேங்குது.”

“நீ பிடிச்சா அது பிடிக்கும். சேறு இருக்கு, பாத்துப் போத்தா.”

‘போத்தா’ என்று அவர் இழுக்கும் அந்த முடிவு. அதை இப்போது யார் சொல்லிக் கேட்பது? இங்கே என் சைக்கிளில் ஏழு கியர் இருக்கிறது, சங்கிலிக்கு உறை இருக்கிறது, தானாக எரியும் விளக்கு இருக்கிறது. வாசலிலிருந்து கிளம்பும்போது பாத்துப் போ என்று சொல்ல ஒரு குரல் இல்லை.

ரோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மதுரை கலெக்டராக இருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச் 1863இல் ஓடைகளை மறித்துக் கரை கட்டியதில் உண்டானது அந்த ஏரி. சதுப்பாகக் கிடந்த பள்ளத்தில் தண்ணீர் நிறைந்து, இரண்டு குன்றுகளுக்கு நடுவே இடம் கிடைத்த பக்கமெல்லாம் கையை நீட்டிக்கொண்டது. சுமார் 60 ஏக்கர். மேலே இருந்து பார்த்தால் நட்சத்திர வடிவம் என்பார்கள். ரோட்டில் போகிறவருக்கு நட்சத்திரமெல்லாம் தெரியாது. வளைவுதான் தெரியும். ஏரி ஒவ்வொரு கையை நீட்டும் இடத்திலும் ரோடும் கூடவே உள்ளே போய், கையின் நுனியைச் சுற்றிக்கொண்டு வெளியே வரும். ஆகவே முன்னால் என்ன இருக்கிறது என்று ஒருபோதும் தெரியாது. ஒரு வளைவு முடிந்தால் இன்னொரு வளைவு. கண்ணுக்கு முன்னால் தண்ணீர், திரும்பினால் மரம், மறுபடி தண்ணீர். அதே ஏரிதான், ஆனால் இதற்கு முன்னால் பார்த்த தண்ணீர் இது என்று சத்தியம் செய்ய முடியாது.

இந்த வளைவுகளில் ஒரு விசித்திரம் உண்டு. எதிர்க்கரையில் ஒருவர் நின்றால் முகம் தெரியும், சட்டை நிறம் தெரியும், கூப்பிட்டால் காது கேட்கும். ஆனால் அவரிடம் போய்ச் சேர உள்ளே போய் வளைந்து வெளியே வர வேண்டும். அதற்குள் அவர் நகர்ந்து போயிருப்பார். தண்ணீர் வழியாக அருகில், ரோடு வழியாகத் தொலைவில். பிள்ளைகள் நாங்கள் இதை வைத்து விளையாடுவோம். ஒருத்தி முன்னால் போய்விடுவாள். கையின் அந்தப் பக்கம் வந்ததும் நிறுத்தி, இந்தப் பக்கம் வருகிற எங்களைப் பார்த்துக் கையாட்டுவாள். நாங்கள் அழுத்தி மிதிப்போம். போய்ப் பார்த்தால் ஆள் இருக்க மாட்டாள். அடுத்த கைக்கு அப்பால் நின்று மறுபடி கையாட்டுவாள்.

படகுத் துறைப் பக்கம் கூட்டம் இருக்கும். குதிரைகள், அவற்றின் சாணி நெடி, கரி அடுப்பில் சுடும் மக்காச்சோளம், மிளகாய் பஜ்ஜி எண்ணெய்ப் புகை. கொஞ்ச தூரம் போனதும் அந்த வாசமெல்லாம் பின்தங்கிவிடும். பிறகு யூகலிப்டஸ். ஈரமான யூகலிப்டஸ் இலையைச் சக்கரம் நசுக்கும்போது எழும்பும் அந்தத் தைல வாசத்துக்கு நான் இங்கே மருந்துக்கடைப் பாட்டில்களைத் திறந்து பார்த்திருக்கிறேன். பாட்டிலில் தைலம் இருக்கிறது. ஈரம் இல்லை. மண் இல்லை. மரப்பட்டை உரிந்து தொங்குகிற, குளிரில் மூக்கு நுனி மரத்துப் போகிற, கம்பளி ஸ்வெட்டர் நனைந்து ஆட்டு வாடை அடிக்கிற அந்த வாசம் எந்த மூடிக்குள்ளும் அடங்காது.

தொலைவில் இருக்கும் பகுதிதான் எனக்குப் பிடித்தது. அங்கே ரோடு மெல்ல உயரும். உட்கார்ந்தபடி மிதிக்க முடியாது, எழுந்து நின்று மிதிக்க வேண்டும். மூச்சு இரைக்கும். உயரத்துக் காற்று மெலிந்த காற்று. நெஞ்சுக்குள் போவதும் தெரியும், போதாததும் தெரியும். பிறகு அதே அளவுக்கு இறக்கம். அவ்வளவு பெரிய இறக்கம் ஒன்றும் இல்லை, பத்துப் பதினைந்து மூச்சுக்குள் முடிந்துவிடும். அந்தக் கொஞ்ச நேரம் பெடல் நிற்கும், ஃப்ரீவீல் மட்டும் கிரிக்கிரி என்று ஓடும், காதில் காற்று நிறையும், கை பிரேக்கின் மேல் இருந்தாலும் பிடிக்காது. பிடிக்க மனசு வராது.

அந்தக் கிரிக்கிரி.

இங்கே சமதளம். இந்த நாட்டின் நிலத்தில் கால்பங்குக்கு மேல் கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. ஐரோப்பாவில் உள்ள இவர்களுடைய நிலத்தில் ஆக உயரமான இடம் தெற்கே வால்சர்பெர்க், 322 மீட்டர். அதை மலை என்கிறார்கள். இங்கே மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிள் நின்றுவிடும். எதிர்க்காற்று வேறு பிடித்துத் தள்ளும். ஒரு கோடையில் தெற்கே வால்கன்பர்க் வரை போனோம். அங்கே கவ்பெர்க் என்று ஒரு ஏற்றம் இருக்கிறது; பெரிய சைக்கிள் பந்தயங்கள் நடக்கும் புகழ்பெற்ற சரிவு. நின்று மிதித்து மேலே போய், திரும்பி, கீழ்நோக்கிக் கையை விட்டேன். நல்ல இறக்கம். என் ஊர் இறக்கத்தைவிட நீளம். காற்று காதில் நிறைந்தது, ஃப்ரீவீல் ஓடியது. கண்ணை ஒரு நொடி மூடினேன். எதுவும் வரவில்லை. இரண்டு பக்கமும் ஓட்டல்கள், வெயில், ஐஸ்கிரீம் கையோடு நிற்கும் குழந்தைகள். எல்லாம் அழகு. கீழே வந்து சேர்ந்ததும் மகள் “இன்னொரு தடவை போலாமா அம்மா?” என்றாள். போனோம்.

மேகத்தைப் பற்றிச் சொல்லாமல் எப்படி? காலையில் கொடைக்கானல் வானம் கழுவித் துடைத்தாற்போல இருக்கும். சூரியனை ஆராய்வதற்கென்று 1899இலிருந்து அங்கே ஒரு வானாய்வகம் நடக்கிறது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்புறமாக நகர்வதை ஜான் எவர்ஷெட் 1909இல் கண்டுபிடித்தது அங்கே இருந்துதான். அப்படிப்பட்ட காலை. மத்தியானம் சாய்ந்தால் கதை வேறு. “கீழ வெயில் காஞ்சா மேல மேகம் ஏறும்” என்பார் அப்பா. சமவெளியில் சூடான காற்று மலைச்சரிவைப் பிடித்து ஏறி, குளிர்ந்து, வெள்ளையாகிவிடும். முதலில் மலை விளிம்பில் இருக்கும் கோக்கர்ஸ் வாக் நடைபாதைப் பக்கம் எட்டிப் பார்க்கும். பிறகு மரங்களுக்கு நடுவே புகுந்து ஊருக்குள் வரும். கடைசியில் ஏரிக்கு இறங்கும். “மேகம் இறங்கிருச்சு” என்று யாராவது சொல்வதற்குள் எதிர்க்கரை காணாமல் போயிருக்கும். படகுகள் போகும். தண்ணீர் போகும். உங்கள் முன்சக்கரம் மட்டும் மிஞ்சும்.

அப்போதுதான் பெல். முன்னால் யார் வருகிறார்கள், குதிரையா சைக்கிளா, எதுவும் தெரியாது. அதனால் எல்லோரும் பெல்லை அடித்துக்கொண்டே போவோம். கிணிங், சற்று நேரம் பொறுத்து மறுபடி கிணிங். எங்கிருந்தோ ஒரு பதில். அந்தப் பதில் வலது பக்கம் கேட்டால் தண்ணீருக்கு அப்பால் என்று அர்த்தம். நேராகக் கேட்டால் ஓரம் கட்ட வேண்டும். மேகத்துக்குள் சத்தம் வேறு மாதிரி இருக்கும். எதிரொலிக்காது, பரவாது, அருகில் வந்து முடிந்துவிடும். ஒவ்வொரு பெல்லுக்கும் ஒரு தொனி. துருப்பிடித்த பெல், மூடி தளர்ந்த பெல், பாதி அடித்துப் பாதியில் நிற்கும் பெல். முகம் தெரியாத ஆட்கள் ஒருவரையொருவர் “இங்கே இருக்கிறேன், இங்கே இருக்கிறேன்” என்று சொல்லிக்கொண்டே கடந்து போவோம். கண் இமையில் நீர் கோத்து நிற்கும். ஹேண்டில்பாரில் விரல் உறைந்துவிடும். பயமாகவும் இருக்கும். ஆனால் யாரும் தனியாக இல்லை.

ஐந்தோவனில் பனிமூட்டம் உண்டு. இலையுதிர் காலத்துக் காலைகளில் புல்வெளியை ஒட்டித் தரையிலிருந்து கிளம்பி, இடுப்பளவு நின்று, வெயில் வந்ததும் போய்விடும். நடமாடாத பனி. அதற்குள் எல்லோரும் நல்ல விளக்கு போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் வருவார்கள், சத்தமில்லாமல் போவார்கள். யாரும் பெல் அடிப்பதில்லை, தேவையில்லை. ஒருநாள் அப்படி ஒரு காலையில் நான் பெல் அடித்தேன். முன்னால் போன பெண்மணி நான் வழி கேட்கிறேன் என்று நினைத்து ஓரமாக ஒதுங்கி வழி விட்டார். நன்றி சொல்லி முந்திப் போக வேண்டியதாயிற்று.

அப்பா பிரையண்ட் பூங்காவில் வேலை பார்த்தார். எச்.டி. பிரையண்ட் என்ற வனத்துறை அதிகாரி 1908இல் உருவாக்கிய பூங்கா, ஏரியின் கிழக்குப் பக்கம். மே மாதம் மலர்க் கண்காட்சி. அதற்கு மாதக்கணக்கில் முன்னாலேயே அப்பாவைக் கையில் பிடிக்க முடியாது. ரோஜாவுக்குக் கவாத்து, நாற்று மாற்றுவது, உரம், தண்ணீர். அவர் விரல்களில் எப்போதும் முள் கிழித்த கீறல் இருக்கும். உள்ளங்கையில் ரோஜா இலையின் பச்சை வாடையும் மக்கிய எருவின் வாடையும் கலந்திருக்கும். பூவின் வாசம் அவரிடம் வந்ததே இல்லை. வேலை முடியும் நேரத்துக்கு நான் கடைசிச் சுற்றில் இருப்பேன். அவர் பூங்காவை விட்டு வெளியே வந்து ரோட்டோரம் நின்று தண்ணீருக்கு அப்பால் பார்ப்பார். என்னைக் கண்டுபிடித்ததும் கையை வாயருகே குவித்துக்கொள்வார்.

“தாயீ...”

அந்த ஈகாரம் தண்ணீரின் மேல் நீண்டுகொண்டே வரும். பெரிய குரல் இல்லை அவருக்கு. வீட்டில் பேசினால் அடுத்த அறைக்குக் கேட்காது. ஏரிதான் அந்தக் குரலைத் தூக்கிக்கொண்டு வந்து தரும். நான் பெல்லை அடிப்பேன். அவருக்குக் கேட்டிருக்கும், கையை இறக்கிவிட்டுக் காத்திருப்பார். நான் ஏரியின் அந்தக் கைக்குள்ளே போய், வளைந்து, வெளியே வந்து அவரை அடைவதற்குக் கொஞ்ச நேரமாகும். அந்தக் கொஞ்ச நேரம் முழுக்க, மரங்களுக்கு நடுவே அவர் தெரிவார், மறைவார், தெரிவார். ஒவ்வொரு முறை தெரியும்போதும் அதே இடத்தில் நின்றிருப்பார்.

பிறகு சைக்கிளை விட்டுவிட்டு நடப்போம். சைக்கிளிலிருந்து இறங்கியதும் சற்று நேரம் கால் தன் கால் போலவே இருக்காது, தரை கனக்கும். வீட்டுக்கு ஏற்றம். அப்பா என் முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டே வருவார், நானே ஒரு சைக்கிள் மாதிரி. அவரும் மூச்சிரைக்க வருவார். பேச்சு இருக்காது. ஏழு ரோடு சந்திப்பைத் தாண்டி ஒரு திருப்பத்தில் நின்று திரும்பிப் பார்த்தால், ஏரி விளக்குகளோடு கீழே கிடக்கும். நாங்கள் சுற்றி வந்த ரோடு ஒரு கோடாக அதைச் சுற்றி ஓடும். “இம்புட்டுத்தானா நீ சுத்தினது?” என்பார். மேலிருந்து பார்த்தால் இம்புட்டுத்தான்.

இங்கே ஐந்தோவனின் எல்லையில் ஹோவன்ரிங் என்று ஒரு பாலம். 2012இல் திறந்தார்கள். கார்கள் போகும் சந்திப்புக்கு மேலே, 70 மீட்டர் கம்பத்திலிருந்து இழுத்துக் கட்டிய கம்பிகளில் ஒரு வட்டம் தொங்குகிறது. 72 மீட்டர் விட்டம். சைக்கிள்களும் நடப்பவர்களும் மட்டும். உலகமெங்கும் இருந்து பொறியாளர்கள் பார்க்க வருகிறார்கள். இரவில் விளக்கேற்றினால் வானத்தில் ஒரு வளையம் மிதக்கும். நான் வேலைக்குப் போகும் வழி அதன் மேல்தான். முதல் தடவை அதில் ஏறியபோது மனசு துள்ளியது: வட்டம்! சுற்றலாம்! ஒரு வாசலில் ஏறி எல்லோரும் தங்கள் வாசலில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் இறங்காமல் சுற்றினேன். முழு வட்டமும் 226 மீட்டருக்குப் பக்கம். கிளம்பிய இடம் கிளம்பும்போதே கண்ணுக்குத் தெரிகிறது. எதுவும் மறையவில்லை, எதுவும் திரும்ப வரவில்லை. மறுபடி சுற்றினேன். எதிரே வந்தவர் வழி தவறிவிட்டதா என்று கனிவோடு கேட்டார். அலுவலகம் இருக்கும் இடத்தைச் சொன்னேன். கையை நீட்டிக் காட்டினார்.

அவரிடம் என்ன சொல்வது? இந்த ஊரில் சைக்கிள் என்றால் ஒரு இடம் போவது. இங்கே என் ஒவ்வொரு மிதிக்கும் ஒரு முகவரி இருக்கிறது: அலுவலகம், பள்ளிக்கூடம், பல் மருத்துவர், காய்கறி. பக்கத்து ஊர் நூனன். வான்கோ சில காலம் வாழ்ந்து, உருளைக்கிழங்கு தின்னும் குடியானவர்களை 1885இல் வரைந்த ஊர். அங்கே போகும் ஒரு சைக்கிள் வழியில் ஆயிரக்கணக்கான கற்களைப் பதித்திருக்கிறார்கள். பகலில் வெளிச்சத்தை வாங்கி வைத்து இரவில் நீலமும் பச்சையுமாக ஒளிரும். 2014 நவம்பரில் திறந்தது. அழகான வழி, மகளை அழைத்துப் போய்க் காட்டினேன். அந்த உருளைக்கிழங்கு தின்கிறவர்களின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம், எங்கள் மலையில் பூம்பாறைப் பக்கத்து வயல்களில் முதுகு வளைந்து கிழங்கு தோண்டுகிறவர்கள் கண்ணுக்குள் வருவார்கள். எதைப் பார்த்தாலும் கடைசியில் அங்கே கொண்டுபோய் விடுகிறது.

ஊரை விட்டுக் கிளம்பிய நாளில் பேருந்து வெள்ளி அருவியைத் தாண்டிப் போனது. ஏரியின் மிச்சத் தண்ணீர்தான் அங்கே பாறையில் விழுகிறது. சின்ன வயதிலிருந்து தெரிந்த விஷயம். அன்றைக்குத்தான் அதைப் பார்த்தேன்: நான் சுற்றிச் சுற்றி வந்த தண்ணீரும் சுற்றுவதை விட்டுவிட்டுக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. டம்டம் பாறை வளைவில் சமவெளி தெரிந்ததும் காது அடைத்து, திறந்தது. அதற்குப் பிறகு காற்றில் குளிர் இல்லை.

பிறகு ஒவ்வொன்றாகப் போயிற்று. முதலில் கடைக்காரர். அவர் போன செய்தி, பேசிய கையோடு மறந்துவிடுகிற ஒரு பேச்சுக்கு நடுவே வந்தது: “அந்தச் சைக்கிள் கடைக்காரர் தவறிட்டாரே, உனக்குத் தெரியாதா?” தெரியாது. எந்த மாதம் என்றுகூடக் கேட்கத் தோன்றவில்லை. பிறகு அப்பா. வந்து சேர்ந்தேன், ஆனால் குரல் போன பிறகு. வீட்டை விற்றோம். 2018இல் குறிஞ்சி பூத்தது. 2006இல் அப்பாவோடு பார்த்தேன், அடுத்த பூவுக்கும் சேர்ந்து வருவோம் என்று பேசி வைத்திருந்தோம். 2018 நவம்பரில் கஜா புயல் கடற்கரையோடு நிற்காமல் மலை வரை வந்து மரங்களைப் பிடுங்கிப் போட்டது. அத்தை தொலைபேசியில் விழுந்த மரங்களை அடையாளம் சொன்னார்: அந்த வளைவில் நிக்குமே அது, குதிரை கட்டுவாங்களே அது. ஒவ்வொன்றும் எனக்குத் தெரிந்த மரம். ஒன்றின் பெயரும் எனக்குத் தெரியாது.

அத்தை மகன் இப்போது லேக் ரோட்டில் கியர் சைக்கிள் ஓட்டுகிறான். போன மாதம் ஹேண்டில்பாரில் போனைக் கட்டி ஒரு முழுச் சுற்றையும் படம் பிடித்து அனுப்பினான். எத்தனை நல்ல பிள்ளை. இரவில் எல்லோரும் தூங்கிய பிறகு பார்த்தேன். வளைவுகள் அப்படியே இருந்தன. என் உடம்பு ஒவ்வொரு வளைவுக்கும் முன்னதாகவே சாய்ந்தது. எந்த இடத்தில் எழுந்து நின்று மிதிக்க வேண்டும் என்று முழங்காலுக்குத் தெரிந்தது. கார்கள் நிறைய. நடைபாதை புதிது. தண்ணீர் அப்படியே. பூங்காப் பக்கம் வந்தபோது ரோட்டோரம் யார் யாரோ நின்றிருந்தார்கள். அந்த இடத்தை மட்டும் பின்னுக்குத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். படம் முழுக்கக் காற்றின் இரைச்சல். பெல் சத்தம் ஒரு இடத்திலும் இல்லை. மறுநாள் கேட்டேன். “இப்ப வர்ற சைக்கிள்ல பெல்லே இல்லையேக்கா” என்றான்.

இந்த மே மாதம் போகிறேன். 2024 மே 7ஆம் தேதியிலிருந்து கொடைக்கானலுக்குப் போகிற வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும், ஊட்டிக்கும் அப்படித்தான். கூட்டத்தையும் வண்டிகளையும் மலை தாங்காது என்று உயர்நீதிமன்றம் போட்ட உத்தரவு. சரியான உத்தரவு. அந்த மலையை நேசிக்கிற யாரும் அதை வேண்டாம் என்று சொல்ல முடியாது. உள்ளூர்க்காரர்களுக்கு இந்த இ-பாஸ் தேவையில்லை. உள்ளூர்க்காரி என்று காட்டுவதற்கு என்னிடம் ஒரு காகிதமும் இல்லை; முகவரி போய் வெகுநாளாயிற்று. நேற்று இரவு உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பினேன். எத்தனை பேர் என்று கேட்டது, சொன்னேன். எந்த வண்டி என்று கேட்டது, வாடகைக் காரின் எண்ணைப் போட்டேன். எத்தனை நாள் தங்குவீர்கள் என்று கேட்டது. விடுப்பு எத்தனை நாளோ, அதைத்தான் போட முடிந்தது.